ஜெர்சியில் ஒரு சிவப்புக் கொக்கி

புதுத் துணி எது வீட்டுக்கு வந்தாலும் முதலில் முகர்ந்து பார்ப்பேன். அபிஷா, உன் பள்ளிக்கூடத்துக் கால்பந்து ஜெர்சி வந்த அன்றும் அப்படித்தான். உறையைப் பிரித்ததும் மூக்கில் கொண்டுபோய் வைத்தேன். "அது என்னப்பா, பொரிச்ச மீனா?" என்று ஜெபின் கேட்டான். நீங்கள் இரண்டு பேரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அதுவரைக்கும் வீட்டில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

துணியில் மணமே இல்லை. நான் எதிர்பார்த்தது சுட்ட பிளாஸ்டிக்கின் மணம். இரும்புத் தட்டுக்கு அடியில் ஸ்டிக்கர் தாள் சூடேறித் துணியோடு ஒட்டும்போது எழும், கொஞ்சம் தலைவலி தருகிற, கொஞ்சம் இனிக்கிற ஒரு மணம். என் இளவயது முழுக்க அந்த மணத்தில்தான் கழிந்தது. மத்தியானம் சோற்றுப் பொதியைப் பிரித்தால் அவியலில்கூட அது ஏறியிருக்கும். அது இல்லாத ஜெர்சி என் மூக்குக்கு ஜெர்சியாகவே படவில்லை. இப்போதெல்லாம் எங்கோ தூரத்தில் பெரிய மெஷினில் துணியோடு துணியாகவே அச்சடித்து அனுப்புகிறார்கள் என்று சமாதானப்பட்டுக்கொண்டு விரித்துப் பார்த்தேன்.

நெஞ்சில் ஒரு படம். அலைமேல் ஏறி நிற்கிற கட்டுமரம். அதன் நுனிக்கு மேலே, சூரியன் நிற்கவேண்டிய இடத்தில் ஒரு பந்து. கீழே வலது மூலையில் சிவப்பாக ஒரு கொக்கி.

"இந்தச் சிவப்பு என்னது?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

"அதா? நங்கூரமாம்ப்பா. பி.டி. சார் சொன்னாரு."

அதற்குப் பிறகு நான் போட்ட சத்தம் உங்களுக்கு நினைவிருக்கும். அடுத்த வீட்டு நாய் குரைத்தது. "நங்கூரமா? எவம்லே சொன்னான் நங்கூரம்னு?" என்று கத்தினேன். உங்கள் அம்மா கரண்டியோடு வந்து, "ஒரு பனியனுக்குப் போயி எதுக்கு இந்த வெப்ராளம்? பிள்ள பயந்து நிக்கி பாருங்க" என்றாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

வாயால் சொன்னால் மறுபடியும் கத்துவேன். அதனால் எழுதித் தருகிறேன். நான் வேலை பார்க்கிற பெயிண்ட் கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து எழுதியது. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். உங்கள் அப்பா பிளஸ் டூவில் கணக்கில் போனவன், தமிழில் தப்பித்ததே தமிழ் ஐயாவின் இரக்கம். ஆனால் நான் சொல்லப்போகிற விஷயத்தில் பிழை இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

அது நங்கூரம் இல்லை, மக்களே.

கருங்கல் சந்தைக்கு எதிரில் ஒரு பழக்கடை இருந்தது. அதற்கு மேல் மாடியில் ஒரு டிசைனிங் சென்டர். கீழே பலாப்பழம் பழுத்தால் மேலே எங்களுக்குப் பசிக்கும். முதலாளி தங்கராஜ் அண்ணன். கல்யாணக் கார்டு, வேன் கண்ணாடிக்கு ஸ்டிக்கர், திருவிழா போர்டு, ஜெர்சிக்கு எண்ணும் பெயரும் ஒட்டுவது, எல்லா வேலையும் எடுப்பார். நான் மூன்று மாதக் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்த சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு போய் வேலை கேட்டேன். "ஃபிரேமோட வேல கேட்டு வந்த மொத ஆளு நீதாம்டே" என்று சிரித்துச் சேர்த்துக்கொண்டார். சட்டத்தைப் பார்த்த பிறகும் கம்ப்யூட்டர் பக்கம் என்னை விடவில்லை. ஸ்டிக்கர் வெட்டும் மெஷினில் போட்டார்.

(இந்தத் தங்கராஜ் அண்ணனுக்கு மரியாதை கொடுத்து எழுத எனக்கு மனமில்லை. உங்களுக்கு நல்ல பழக்கம் வரவேண்டும் என்பதற்காக ‘அவர்’ என்றே எழுதிக்கொண்டு போகிறேன்.)

கம்ப்யூட்டரில் இருந்தவள் ஜெசிந்தா அக்கா. மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்துக் கடற்கரைக்காரி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். பஸ் இறங்கி வரும்போதே யாரையாவது கேலி செய்துகொண்டுதான் படியேறுவாள். மவுஸைப் பிடித்துவிட்டால் மட்டும் வாய் மூடிவிடும். நாக்கின் நுனி உதட்டோரம் எட்டிப் பார்க்கும். அப்போது யார் கூப்பிட்டாலும் கேட்காது.

நான் சேர்ந்த புதிதில் ஒருவர் ஒரு சிலுவைப் படத்தைக் கொண்டுவந்து, வேனில் ஒட்ட ஸ்டிக்கர் வேண்டும் என்றார். அக்கா சாப்பிடப் போயிருந்தாள். நானே பார்த்துக்கொள்ளலாம் என்று படத்தை மெஷினுக்கு அனுப்பினேன். மெஷின் அசையவில்லை. வயரைப் பிடுங்கிச் செருகினேன். அசையவில்லை. பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டினேன்.

"எதுக்குடே அந்த வாயில்லாச் சீவன அடிக்க?" அக்கா கை கழுவிவிட்டு வந்து நின்றாள். "ஒரு வழியும் சொல்லிக் குடுக்காம நடன்னா அது எங்கோடி நடக்கும்?"

"படம் அனுப்பியாச்சுக்கா."

"நீ அனுப்பினது மணலு."

அப்புறம் அவள் சொன்னதுதான் இந்தக் கதைக்கே திறவுகோல். அதனால் அப்படியே எழுதுகிறேன்.

"கருங்கல்ல இருந்து எங்க வீட்டுக்கு வழி சொல்லுகேன்னு வையி. இந்த முக்குல திரும்பு, அங்கோடி வளைஞ்சு போ, குருசடி கிட்ட நில்லு. இது கோடு. இத நீ பஸ் டிக்கெட்டுல எழுதினாலும் செவுத்துல எழுதினாலும் வழி ஒண்ணுதான். மெஷினு அந்த வழியே கத்திய இழுத்துட்டுப் போவும். மத்தது மணலு. எங்க கடப்பொறத்து மணலு கறுப்பும் செவப்புமா கெடக்கும், கண்டிருக்கியா? அத அள்ளி ஒரு சிலுவ மாதிரி பரப்பி வச்சா, தூரத்துல நின்னு பாக்கவனுக்குச் சிலுவ. கிட்ட வந்தா மணலு. அதுல எந்த இடத்துல கத்தி வைக்கச் சொல்லுக?"

கம்ப்யூட்டரில் படம் இந்த இரண்டு விதமாகத்தான் இருக்கும். கோடுகளாக இருப்பதை எங்கள் கடைகளில் ‘ஓப்பன் ஃபைல்’ என்போம். அதைத் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கலாம், ஒரு மதில் அளவுக்கு விரிக்கலாம், ஓரம் வழுவழுவென்று அப்படியே இருக்கும். புள்ளிகளாக இருப்பது ஜேபெக். (ரொம்ப நாள் அது ஒரு வெள்ளைக்காரரின் பெயர் என்று நினைத்திருந்தேன்.) அதைப் பெரிதாக்கினால் ஒவ்வொரு புள்ளியும் செங்கல் மாதிரி வீங்கும். கோட்டைப் புள்ளியாக்க ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். புள்ளியை மறுபடி ஒழுங்கான கோடாக்க வேண்டுமென்றால் ஓர் ஆள் உட்கார்ந்து முதலிலிருந்து வரையவேண்டும். போகிற வழி ஒன்றுதான், திரும்பி வர பஸ் கிடையாது. இதை மறந்துவிடாதீர்கள்.

இனி கட்டுமரத்துக்கு வருகிறேன். கடற்கரையில் அதை ‘மரம்’ என்றுதான் சொல்வார்கள். அக்காவின் ஊர்ப் பையன்களுக்கு ஒரு கால்பந்து கிளப் உண்டு. கிறிஸ்துமஸ் சமயத்தில் ஊருக்கு ஊர் போட்டி நடக்கும். தோற்ற ஊர்க்காரன் ஈஸ்டர் வரைக்கும் மீன்சந்தையில் தலைகுனிந்து நிற்கவேண்டிய அளவுக்கு வீம்பு. அவர்களுக்கு ஒரு சின்னம் வேண்டும் என்று அக்காவிடம் வந்தார்கள். அவள் வரைந்த முதல் படத்தை அச்சடித்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். மறுநாள் வந்து சிரிக்கிறாள். கடலுக்குப் போகிற அவள் அப்பா பார்த்துவிட்டு, "இது மரமா, வாழத்தண்டா? மூக்கு இப்பிடி நிமிந்தா கடல்ல போவாது மோளே, ஆகாசத்துலதான் போவும்" என்றாராம்.

மறுபடி வரைந்தாள். அடுத்த அச்சையும் அப்பா தள்ளினார். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கரையில் ஏற்றி வைத்திருந்த மரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, நுனியைக் கையால் தடவித் தடவிப் பார்த்துவிட்டு வந்து வரைந்தாளாம். அந்தப் படத்தில் நுனி மூக்கிலிருந்து வயிற்றின் கீழாக இறங்கி வால்வரைக்கும் ஒரே வளைவு. நடுவில் எங்கும் நின்று போகாத வளைவு. எனக்குப் படம் பார்க்கத் தெரியாது, ஆனால் மெஷின் எனக்குத் தெரியும். கோடு முறிகிற இடத்திலெல்லாம் கத்தி ஒரு கணம் நின்று ‘டக்’ என்று திரும்பும். அந்த மரத்தை வெட்டும்போது ‘டக்’ கேட்காது. ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒரே இழுப்பு, மணலில் மரத்தைத் தள்ளிக்கொண்டு போகிற மாதிரி. அந்தச் சத்தத்துக்காகவே அன்றைக்குப் புதுக் கத்தி மாட்டுவேன்.

அக்காவின் படங்கள் ஒன்றா இரண்டா. கோயில் மணி, குத்துவிளக்கு, அய்யாவழிக்காரர்கள் கும்பிடுகிற தாங்கலில் திருநாளுக்குத் தாமரையும் நாமமும், ஆட்டோவின் முதுகில் பாய்கிற புலி. அந்தப் புலியை ஒட்டாத ஆட்டோ அப்போது கருங்கலில் குறைவு. சம்பளம் கொஞ்சம்தான். யாராவது அதைப் பற்றிப் பேச்செடுத்தால் தங்கராஜ் அண்ணன் என் காது கேட்கவே எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார்: "ஜெசிந்தா வரையுறதெல்லாம் அவளுக்கும் உள்ளதாக்கும். நாளைக்கு அவ ஒரு கட போட்டா கையோட கொண்டுபோலாம்."

அந்த நாளை வந்தது. மணவாளக்குறிச்சி சந்திப்பில் ஒரு அறை பார்த்துவிட்டாள். பழைய மெஷின் ஒன்றும் கிடைத்தது. அண்ணனிடம் சொன்னாள். அவர் முகம் மாறவே இல்லை. எழுந்து நின்று கையைப் பிடித்து, "நீ நல்லா வரணும் பிள்ளா. ஒனக்கு என்ன வேணும்னு கேளு" என்றார்.

"நான் வரஞ்சதுல ஒரு காப்பி போதும் அண்ணே."

"அது ஒனக்குள்ளதுதானே. நானே சிடி போட்டுத் தாறேன்."

அப்போது பென் டிரைவ் எல்லாம் எங்கள் கைக்கு எட்டவில்லை. சிடி எழுதுகிற கம்ப்யூட்டர் அண்ணனின் கண்ணாடி அறையில் மட்டும்தான் இருந்தது. ஒரு சனிக்கிழமை காலையில் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். மத்தியானச் சோறும் உள்ளேயே போனது. சாயங்காலம் கண் சிவந்து வெளியே வந்தார். கணக்குப் பார்க்கிறார் பாவம் என்று நான் சாயா வாங்கிவர ஓடினேன். வழியில் சிந்தாமல் கொண்டுவந்தேன், அதை நினைத்தால் இன்னும் என் கை எரிகிறது.

கடைசி நாளில் லட்டு கொடுத்தார். மஞ்சள் ரிப்பன் கட்டிய சிடியை அக்காவின் கையில் வைத்து, "இது ஓம் பிரயாசம்" என்றார். அக்கா அழுதுவிட்டாள். நானும் அழுதேன், அழுதுகொண்டே இரண்டாவது லட்டையும் எடுத்தேன்.

முதல் ஆர்டர் ஊர்ப் பையன்களுடையது. கிறிஸ்துமஸ் போட்டிக்குப் புது ஜெர்சி, அதே மரம். ஞாயிற்றுக்கிழமை, மெஷினுக்குக் கத்தி பொருத்திக் கொடுக்க நான் போனேன். அக்காவின் அம்மா பணியாரம் சுட்டு வைத்திருந்தார். கிளப் கேப்டன் வாசலில் பைக்கில் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். "அக்கா, மரம் எறங்கிச்சா?"

"எறங்கும்லே, பொறுடா. ஒனக்குக் கோல் போடத்தான் தெரியாது, பொறுக்கவும் தெரியாதா?"

படத்தைத் திறந்து அனுப்பினாள். மெஷின் அசையவில்லை.

நான் வயரைப் பார்க்கக் குனிந்தேன். பழைய மெஷின்தானே, எங்காவது தளர்ந்திருக்கும் என்று. நிமிர்ந்து பார்த்தால் அக்கா படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போகிறாள். மரத்தின் நுனி திரை முழுக்க வந்தது. அந்த வளைவு இருந்த இடத்தில் படிக்கட்டு. கறுப்புக் கட்டை, சாம்பல் கட்டை, வெள்ளைக் கட்டை. மூலையில் தங்கராஜ் அண்ணனுடைய கடைப்பெயர், சிவப்பில், படத்தோடு படமாக உருக்கி வைத்திருந்தது.

மணியைத் திறந்தாள். படிக்கட்டு. விளக்கு, படிக்கட்டு. தாமரை, புலி, எல்லாம். தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கி, மணலாக்கி, ஒவ்வொன்றின் மூலையிலும் சிவப்பாகக் கடைப்பெயர் போட்டு.

புள்ளியின் ஓரத்தைத் தானாகவே தடவிக் கோடு போடுகிற ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தி, மரத்தை மறுபடி அனுப்பினாள். கத்தி நடந்தது. ‘டடடடடட’ என்று தையல் மெஷின் மாதிரி. ஒவ்வொரு படியிலும் ஏறி இறங்கி, சொன்னதைச் செய்தது. அக்கா தாளை உரித்து விரலால் ஓரத்தைத் தடவினாள். மரம் அறுக்கும் ரம்பம் மாதிரி இருந்தது.

"மரத்துக்குப் பல்லு மொளைச்சிருக்குடே" என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள். வரவில்லை.

மக்களே, எனக்கு எது தாங்கவில்லை என்று சொல்கிறேன். அவள் கேட்டதைக் கொடுத்திருந்தால் அந்த ஆளுக்கு ஒரு சாயா குடிக்கிற நேரம் போதும். மொத்தத்தையும் பிடித்து சிடியில் போட்டால் முடிந்தது. கொடுக்காமல் இருப்பதற்காக ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். ஒவ்வொன்றாகத் திறந்து, சுருக்கி, உருக்கி, பெயர் போட்டு. "தரமாட்டேன் போட்டீ" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் நான் அவரை இன்று மன்னித்திருப்பேன். லட்டு எதற்கு? ரிப்பன் எதற்கு?

மறுநாள் அக்காவும் நானும் மாடி ஏறினோம். அண்ணன் அமைதியாக இருந்தார். "படம் கேட்ட, படம் தந்தேன். இல்லியா? கண்ணுக்குத் தெரியுதுல்லா?"

"எனக்கு ஓப்பன் ஃபைல் வேணும்ணே."

"அதெல்லாம் கடைக்குள்ளது."

கடைக்காரர்கள் சங்கத்தின் தலைவர் பாத்திரக்கடை வைத்திருந்தார். எல்லோரும் மாமா என்போம். தகராறு என்றால் அவரிடம்தான் போவது. அவர் கடையிலேயே, குடங்களுக்கும் குக்கர்களுக்கும் நடுவில் பேச்சு நடந்தது. அண்ணன் ஒரு லேப்டாப்பைக் கொண்டுவந்து, ஒரு பக்கம் கோட்டு மரத்தையும் இன்னொரு பக்கம் மணல் மரத்தையும் சின்னதாக வைத்துக் காட்டினார். மாமா கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணுபோலத்தானே பிள்ளா இருக்கு?"

"பெருசாக்கிப் பாருங்க மாமா." அக்கா பெரிதாக்கிக் காட்டினாள். படிகள் வந்தன.

"இவ்வளவு பெருசாக்கி எவன் பாக்கப்போறான்?" என்றார் மாமா. சுற்றி நின்ற கடைக்காரர்கள் சிரித்தார்கள். அண்ணனும் தலைகுனிந்து, அடக்கமாகச் சிரித்தார்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. மேலே தொங்கிய ஒரு பித்தளைக் குடத்தைக் காட்டிக் கேட்டேன்: "மாமா, ஒருத்தன் வந்து குடம் கேட்டா, குடத்த போட்டா எடுத்துக் குடுத்து அனுப்புவியளா? அதுவும் கண்ணுக்குத் தெரியும்லா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. மாமாவின் முகம் கறுத்தது. "பயலுக்கு வாய் கூடிப்போச்சு" என்றார். "தங்கராஜு, நீ தரவேண்டியதத் தந்துட்ட. பிள்ளா, நீ போயி பொழைக்க வழியப் பாரு." அவ்வளவுதான் தீர்ப்பு. படியிறங்கும்போது அண்ணன் என் தோளில் கை போட்டு, பாசமாகச் சொன்னார்: "நீ நாளைக்கு வராண்டாம் மக்கா."

திருடன் ஒரு மாட்டை ஓட்டிக்கொண்டு போனால் தொழுவம் வெறிச்சோடிக் கிடக்கும், ஊரே பார்க்கும். இங்கே தொழுவமும் நிற்கிறது, மாடும் நிற்கிறது. கிட்டப் போய்த் தொட்டால்தான் அது மாடு வரைந்த துணி என்று தெரியும். யாரும் கிட்டப் போகத் தயாராயில்லை. அக்காவுக்கு வார்த்தை இல்லை என்றில்லை, மக்களே. பார்க்க ஓர் ஆள் இல்லை.

அக்கா கிறிஸ்துமஸுக்குள் அந்த ஒரு மரத்தை மட்டும் மறுபடி வரைந்தாள். புள்ளிகளுக்கு மேலே கோடு வைத்து, அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து. "கொள்ளாம் மோளே" என்று திருப்தியாகத் தலையாட்டினார் அவர். நான் வெட்டினேன். மூன்று இடத்தில் ‘டக்’ கேட்டது. அக்கா என்னைப் பார்த்தாள். நான் மெஷினைக் குறை சொன்னேன். பையன்கள் அதைப் போட்டுக்கொண்டு ஆடித் தோற்றார்கள். அதற்கும் மரத்துக்கும் சம்பந்தமில்லை, கோல்கீப்பர் சரியில்லை.

மற்ற படங்களை வரைய அவளுக்கு நேரமும் கிடைக்கவில்லை, மனமும் வரவில்லை. புலி வேண்டுமென்றால் ஆட்டோக்காரர்கள் கருங்கலுக்கே போனார்கள். தாங்கல்காரர்களும் வருத்தத்தோடு அங்கேயே போனார்கள். அவள் வரைந்ததை அங்கே வாங்க, அவள் கடையைத் தாண்டி பஸ்ஸில் போனார்கள். இரண்டாவது கிறிஸ்துமஸ் வருமுன்னே அறையைக் காலி செய்தாள். மெஷினையும் கம்ப்யூட்டரையும் ஒரு ஆள் டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனார். மஞ்சள் ரிப்பன் சிடியைக் கிளப் பையன்களிடம் கொடுத்து, "தட்டு மாதிரி எறிஞ்சு வெளையாடுங்கடே" என்றாளாம். அவர்கள் எறியவில்லை. அங்கிருந்துதான் அந்த மணல் மரம் ஃபோன் ஃபோனாக ஏறி, இந்த மாவட்டம் முழுக்க அலைந்துகொண்டிருக்கிறது.

அக்கா இப்போது தக்கலைப் பக்கம் ஒரு பள்ளி அலுவலகத்தில் டைப் அடிக்கிறாள். கேலி மட்டும் அப்படியே இருக்கிறது. வரைவதில்லை. ஒரு தரம் கேட்டதற்கு, "சவம், அத விடுடே" என்றாள்.

கருங்கல் கடையும் இல்லை. ஓர் ஐப்பசி மாதத்தில் இடி விழுந்து கம்ப்யூட்டர்கள் கரிந்தன. அக்காவின் கோடுகள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. செய்தி கேட்டதும் நான் சந்தோஷப்பட்டேன். பழக்கடைப் படிவரைக்கும் போனேன், பார்த்துவிட்டு வரலாம் என்று. அங்கே நின்றபோதுதான், எரிந்தது யாருடையது என்று உறைத்தது. அந்த ஆளுக்கு என்ன போனது? வேறு தொழில் தொடங்கிவிட்டார். அந்த மாடியில் இப்போது மொபைல் ஃபோன் உறை விற்கிறார்கள்.

ஆக, முதல் மரம் கரிந்தது. இரண்டாவது மரம் டெம்போவில் போன கம்ப்யூட்டருக்குள் எங்கேயோ அழிந்தது. மிஞ்சியது அந்தச் சனிக்கிழமை மரம் மட்டும். யாரோ மூலையை வெட்டியிருக்கிறார்கள், சரியாக வெட்டத் தெரியவில்லை. கடைப்பெயரின் முதல் எழுத்தின் வால் மட்டும் மாட்டிக்கொண்டது. அபிஷா, உன் நெஞ்சில் இருக்கிற சிவப்பு அதுதான். உன் பி.டி. சாரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு படத்தில் காரணமில்லாமல் ஒரு கொக்கி இருந்தால், நல்ல மனிதன் அதற்கு ஒரு நல்ல காரணத்தைத்தான் யோசிப்பான்.

இதுவரை எழுதிக் கடைமேஜையில் வைத்திருந்தேன். நேற்று கோட்டாற்றில் என் கடைக்கு அம்மாவோடு வந்தபோது, அபிஷா, நீ அதை எடுத்துப் படித்துவிட்டாய். என் ஃபோனை வாங்கி, ஜெர்சியைப் படம் பிடித்து வைத்திருந்ததைத் திறந்து, இரண்டு விரலால் விரித்துக்கொண்டே போனாய்.

"அப்பா, மூக்கு கிட்ட பாருங்க. படி படியா இருக்கு."

பாத்திரக்கடையில் அன்று அத்தனை பேர் நின்றார்கள். ஒருவர்கூடச் சொல்லாததை நீ சொன்னாய். நான் பெயிண்ட் டப்பாவை எடுக்கிற மாதிரித் திரும்பிக்கொண்டேன்.

பிறகு நீயே அந்தப் படத்தை அக்காவுக்கு அனுப்பினாய். கொஞ்ச நேரத்தில் ஃபோனில் அவள் குரல்பதிவு வந்தது. பின்னால் பள்ளிக்கூட மணி அடிக்கிறது.

"ஏட்டி, நீ அவன் மோளா? நம்ம மரந்தான் மக்களே. பல்லு இன்னும் விழல்ல பாத்தியா, வயசாகியும்? போட்டு, நல்லா வெளையாடு. அந்தச் செவப்ப மட்டும் உரிச்சுக் களஞ்சிரு. ஒங்க அப்பனுக்குத் தெரியும், லேசாச் சூடு காட்டினா வந்துரும்."

தெரியும். எங்கள் காலத்து ஸ்டிக்கர் என்றால் இஸ்திரிப்பெட்டியை ஓரத்தில் காட்டி, நகத்தால் நெம்பினால் அப்பளம் மாதிரி எழுந்து வரும். வேண்டாத எழுத்தை நான் எத்தனை ஜெர்சியிலிருந்து அப்படி எடுத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் ஜெபின் இஸ்திரிப்பெட்டியைச் செருகினான். நீ ஜெர்சியை மேஜைமேல் விரித்துப் பிடித்தாய். நான் சூடு காட்டினேன். நகத்தை வைத்தேன். மறுபடியும் சூடு காட்டினேன்.

நெம்புவதற்கு ஓரமே இல்லை. மேலே ஒட்டியிருந்தால்தானே வரும்? அந்தச் சிவப்பு நூலுக்குள்ளே போய்விட்டிருந்தது.